லாரிக்காரர் நீந்தக் கற்ற மழைக்காலம்

அவருக்குத் 'தண்ணி வண்டி' என்று பெயர் விழுந்தது தொழிலால்தான். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டி லாரி ஒன்றை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கும் பம்பு ஹவுஸில் நிரப்பிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராத வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய் ஊற்றுவது அவருடைய வேலை. ஆனால் பெயரை மட்டும் கேட்கிறவர்கள் வேறு அர்த்தம்தானே எடுத்துக்கொள்வார்கள்? அவரோ விசேஷ வீடுகளில் சோடா கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது இந்தப் பெயரால் ஒரு கலவரமே மூண்டது. "மாப்பிள்ளையா? நம்ம தண்ணி வண்டிதானே, தங்கமான மனுஷன்" என்று யாரோ ஒருவர் பெண்ணின் அண்ணனிடம் நல்ல வார்த்தை சொல்லப்போக, அண்ணன் அன்றைக்கே சம்பந்தத்தை முறித்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார். விஷயம் காதுக்கு வந்ததும் இவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. லாரியை எடுத்துக்கொண்டுபோய்ப் பெண் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பெண் தொட்டியையும் அதில் எழுதியிருந்த 'குடிநீர்' என்ற எழுத்தையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. அண்ணன்காரருக்கு மட்டும் ஓர் ஓரத்தில் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர். எதிலும் ஒரு தடவை குத்திவிட்டால் அழிக்கத் தெரியாது.

வெயில் காலத்தில் லாரிக்காரர் ராஜா. விடியும் முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். தெருமுனையில் ஹாரன் கேட்டால் குடங்கள் உருளும், கதவுகள் திறக்கும். மற்ற நாளில் முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்காரர்கள்கூட, "அண்ணே, எங்க தொட்டிய மறந்துடாதீங்க" என்று குழைவார்கள். ராத்திரி வீடு திரும்பும்போது மனைவி தூங்கி வழிந்துகொண்டு சோறு போடுவார். இவர் தூங்கி வழிந்துகொண்டு சாப்பிடுவார். இப்படி எட்டு ஒன்பது மாதம்.

முதல் பெருமழை விழுந்த மறுநாள் போன் ஊமையாகிவிடும். வானமே வீடுவீடாக வந்து இலவசமாக ஊற்றும்போது லாரியை யார் தேடப் போகிறார்கள்? ஓட்டல்களும் ஆஸ்பத்திரியும்கூடக் குழாய்த் தண்ணீரில் காலம் தள்ளும். இரண்டரை மாதம், சில வருஷங்களில் மூன்று மாதம். சுவரோரம் நிறுத்திய லாரியின் டயரைச் சுற்றிப் புல் முளைக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈர வாடை விடாது. தீப்பெட்டி உரசினால் பிசுபிசுவென்று தேயும். உப்பு ஜாடிக்குள் உப்பு அழும். இவருக்கு வேலை கிடையாது.

வேலை இல்லாத ஆள் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டுச் சாமான்களைக் கேட்டால் சொல்லும். ஒரு மழைக்காலத்தில் மேஜை மின்விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். திரும்ப மாட்டியபோது மூன்று திருகாணிகள் மிச்சம். விசிறி இன்றைக்கும் ஓடுகிறது. காற்று மட்டும் பின்பக்கமாக வருகிறது. இன்னொரு வருஷம், ஈரத்தில் ஊறிப் பருத்து மூட மறுத்த வாசல் கதவை இழைத்து இழைத்துச் சரி செய்தார். மழை போய்க் கதவு காய்ந்ததும் கீழே நாலு விரல் சந்து விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை அந்த வழியாகத்தான் இப்போது போக்குவரத்து.

மனைவிக்குத் தையல் தொழில். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின். பிள்ளைகள் இல்லாத வீடு. மெஷின் சத்தம்தான் அந்த வீட்டின் பேச்சு என்று சொல்லலாம். இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சீருடை மொத்தமும் அவர் கைக்கு வந்திருந்தது. வெட்டிய துணி ஒரு பக்கம் மலையாகக் கிடக்க, தைத்தது இன்னொரு பக்கம் மேடாக எழும்பிக்கொண்டிருந்தது. மழை பிடித்த இரண்டாவது வாரம், மனைவி மதியம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, லாரிக்காரர் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். நல்ல எண்ணம்தான். லாரிக்கு விடுகிற அளவில் விட்டுவிட்டார்.

மனைவி எழுந்து தைக்க உட்கார்ந்தபோது முதல் சட்டையில் எண்ணெய் சொட்டியது. துடைத்துவிட்டு அடுத்ததை வைத்தார்; அதிலும் சொட்டியது. இரண்டும் வெள்ளைச் சட்டைகள். மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் இவர் சமாளித்திருப்பார். சட்டைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஏங்க, நாளையிலேருந்து மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் நீங்க இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

"மழை கொட்டுதேம்மா. எங்க போவேன்?"

"குடை இருக்கு, கால் இருக்கு. எங்க வேணாலும் போங்க. எந்த வீட்டுலயும் எதையும் கழட்டாம இருந்தா போதும்."

மறுநாள் சரியாக இரண்டு மணிக்குக் குடையோடு வெளியே தள்ளப்பட்டார்.

லாரி இல்லாமல் அந்தத் தெருக்களில் நடப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. எந்த வீட்டுத் தொட்டி எத்தனை அடி, எந்த வீட்டு மூடி இறுகிக்கொள்ளும், எந்த வீட்டில் குழாயை எத்தனை வளைவு வளைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படியே பேச்சுக் கொடுக்கலாமே என்று பச்சை கேட் வீட்டில் மணியை அழுத்தினார். கோடையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகத் தண்ணீர் கேட்ட அம்மாள் கதவைத் திறந்தார்.

"யாரு வேணும்?"

"நான்தாங்க. தண்ணி லாரி."

"அடடா, இப்ப எதுக்குப்பா? அதான் மழை பெய்யுதே." கதவு சாத்திக்கொண்டது.

"வேணுமான்னு கேக்க வரலீங்க" என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த நாலு வீடுகளிலும் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. லாரியோடு சேர்த்துத்தான் அவருக்கு முகம் இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மழைதானே, முகத்தைத் துடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

நடந்து நடந்து நகரசபை நீச்சல்குளத்துக்கு வந்துவிட்டார். கோடையில் அங்கே பிள்ளைகள் கூட்டம் தலைப்பிரட்டைகள் மாதிரி நெளியும். ஆவியாகிக் குறைகிற தண்ணீரை ஈடுகட்ட வாரத்துக்கு இரண்டு மூன்று லோடு இவர்தான் ஊற்றுவார். இப்போது குளம் முழுக்க மழை மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையின் கீழே, நீல மழைக்கோட்டும் கழுத்தில் விசிலுமாக, நீச்சல் டீச்சர் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுப் பெண்.

"அண்ணே! வாங்க வாங்க. லோடு சொல்லலையே?" என்றாள் பார்த்த மாத்திரத்தில்.

லாரி இல்லாமலே அவரை அடையாளம் கண்டுகொண்ட முதல் ஆள். லாரிக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"லோடு இல்ல டீச்சர். சும்மா நடந்தேன். என்ன, ஒருத்தரையும் காணோம்?"

"மழையில வந்தா நனைஞ்சிடுவாங்களாம்" என்றாள் டீச்சர். "போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணி, 'மழை விட்டதும் பொண்ணை அனுப்புறேன், இல்லைன்னா ஈரமாயிடுவா'ன்னாங்க. நான் என்னத்த சொல்ல? சம்பளம் வாங்குறேனே, அதுக்காக நாளெல்லாம் தண்ணிக்குக் காவல்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டீச்சர் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்குங்களேண்ணே. உங்களை விட்டா யாரு இருக்கா?"

"சளி பிடிச்சிருக்கு டீச்சர்."

இது அவருடைய பழைய பாட்டு. ஏரிக்கரையில் மற்ற டிரைவர்கள் லாரி நிரம்பும் நேரத்தில் தண்ணீரில் குதித்து ஆட்டம் போடுவார்கள். இவர் கரையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்வார். யாராவது கூப்பிட்டால் சளி என்பார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே சளி.

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "கோடையில கேட்டப்பவும் சளின்னீங்க."

மழைச் சத்தம் காரணமா, வெளியே தள்ளப்பட்ட வருத்தம் காரணமா, தெரியவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். "எனக்கு நீச்சல் தெரியாது டீச்சர். இடுப்புக்கு மேல தண்ணின்னா பயம்."

டீச்சர் சிரிக்கவில்லை. "இந்தக் குளத்துல பாதித் தண்ணி நீங்க கொண்டாந்தது. உங்க தண்ணிகிட்ட உங்களுக்கு என்னண்ணே பயம்?"

"என் தண்ணி மூடி போட்டு இருக்கும் டீச்சர். இது தொறந்து கெடக்கே."

"அப்ப மெதுவா பழகுங்க. அதுக்கும் வேற வேலையில்ல, உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் நாள் படியில் உட்கார்ந்து முழங்கால்வரை நனைத்துக்கொண்டார். மறுநாள் இடுப்பு. கோடையில் யாரோ விட்டுப்போன பொருள்கள் கிடந்த பெட்டியிலிருந்து டீச்சர் அவருக்கு ஓர் அரைக்கால் சட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆரஞ்சு நிறம், மேலெல்லாம் மஞ்சள் அன்னாசிப்பழம். நாற்பத்தெட்டு வயசில் அன்னாசிப்பழத்தோடு நிற்க வெட்கமாக இருந்தது. ஆனால் பார்க்க யார் இருக்கிறார்கள்? நாலாம் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடச் சொன்னாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"வீட்டுல வாளியில பழகுங்கண்ணே. மூஞ்சிய உள்ள விட்டு, வாயால குமிழி விடணும். பத்து, இருபது, முப்பது."

மேலே பெய்வதை அவள் பொருட்படுத்துவதில்லை. இடி இடித்தால் மட்டும் விசில் ஊதிக் கரையேற்றிவிடுவாள். கொட்டகையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, இடி ஓயும்வரை இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள்.

மனைவியிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீரில் பிழைக்கிறவன் தண்ணீருக்குப் பயப்படுகிறான் என்று முதலில் சொல்ல வேண்டும், அப்புறம்தானே நீச்சலைச் சொல்ல முடியும்? "டிரைவருங்க கொட்டகையில இருந்தேன்" என்று சொல்லி வைத்தார். ஈர அரைக்கால் சட்டையை லாரி கேபினில் ஸ்டியரிங்கின்மேல் காயப் போட்டார்.

மறைக்கிறவனை உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். குளத்து மருந்துத் தண்ணீரில் அவர் கண் இரண்டும் சிவந்தன. வாயில் அந்த மருந்தின் கசப்பு நிற்காமல் இருக்க ஏலக்காய் மென்றார். கால் உதைத்து உதைத்துத் தொடை விட்டுப்போய், திரும்பி வரும்போது நடை தள்ளாடியது. ராத்திரி எட்டு மணிக்கே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். குளியலறையிலிருந்து புளுக் புளுக் என்று சத்தம் வந்தது.

"என்னங்க அங்க சத்தம்?"

"வாய் கொப்புளிக்கிறேன்."

"பத்து நிமிஷமாவா?"

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பட்டன் தைக்கக் கொடுக்க வந்தவள், குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதே. உன் வீட்டுக்காரரு நேத்து தெருவுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு" என்றாள். மனைவிக்குத் தைத்துக்கொண்டிருந்த காலர் கோணிக்கொண்டது. சிவந்த கண், ஏலக்காய், தள்ளாட்டம், தூக்கம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இடத்தில்தான் போய் நின்றன. 'நான்தானே வெளியே விரட்டினேன். போக இடமில்லாம அங்க போயிட்டாரா' என்று தன்னையே நொந்துகொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டார்.

அண்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வந்ததும் முதல் வார்த்தை: "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன்!"

"பழசெல்லாம் இப்ப வேண்டாம்ணே. ரெண்டு மணிக்குக் கிளம்புவாரு. பின்னால போவோம். எங்க குடிக்கிறாருன்னு தெரிஞ்சா போதும்."

ஒரே குடைக்குள் அண்ணனும் தங்கையும் ஐம்பது அடி தள்ளிப் பின்தொடர்ந்தார்கள். கடைத்தெரு வந்தது, லாரிக்காரர் எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை. மதுக்கடை இருக்கும் முடுக்குச் சந்து வந்தது, அங்கேயும் திரும்பவில்லை. நீச்சல்குளத்து கேட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனுக்குக் குழப்பமாகிவிட்டது. "உள்ளயே விக்கிறாங்களோ?" என்றார்.

கம்பி வேலி வழியாகப் பார்த்தார்கள். கொட்டுகிற மழையில், அன்னாசிப்பழ அரைக்கால் சட்டையில், லாரிக்காரர் மார்பளவுத் தண்ணீரில் நின்றார். டீச்சர் கரையோரம் நடந்தபடி கையை ஆட்டிச் சத்தம் போட்டாள்: "கம்பிய விடுங்கண்ணே! இன்னைக்கு விட்டே ஆகணும்! மூஞ்சி உள்ள, கால் பின்னால!" அவர் கம்பியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கையை விட்டார். உடம்பு நீண்டு, முதுகு மேலே தெரிய, ஒரு கட்டை மாதிரி இரண்டு கெஜம் மிதந்தே போனார்.

"மாப்ளே!" என்று அண்ணன் அலறிவிட்டார்.

தண்ணீருக்குள் காது கேட்டதோ என்னவோ, லாரிக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயில், அவர் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் திரும்ப உள்ளே போனது. கையும் காலும் நாலு திசைக்கு அடித்தன. மனைவி குடையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்குள் ஓடினார். அதற்குள் டீச்சர் குதித்து அக்குளில் கை கொடுத்து நிமிர்த்திவிட்டாள். "நில்லுங்கண்ணே, நில்லுங்க. காலை ஊனுங்க. மார்பளவுதான்." ஊன்றினார். மார்பளவுதான்.

இருமி முடித்துத் தலையைத் தூக்கினால், கரையில் மழையில் தொப்பலாக மனைவி. பின்னால் குடையை மடக்கவும் தெரியாமல் விரிக்கவும் தெரியாமல் மச்சான்.

"இதுக்குத்தானா?" என்றார் மனைவி. "சொல்லக்கூடாதா? நான் என்னென்னமோ நெனைச்சு..."

"நீ சிரிப்பேன்னு..."

"சிரிச்சுத்தான் இருப்பேன். அதுக்காக?" என்றவர் அப்போதுதான் அன்னாசிப்பழங்களைக் கவனித்தார். அடக்க முடியவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஜன்னலில் சிரித்த அதே சிரிப்பு. டீச்சரும் சேர்ந்துகொண்டாள். மச்சான் மட்டும் பக்கத்தில் போய்க் குனிந்து, "எதுக்கும் வாயை ஊதுங்க மாப்ளே" என்றார். ஊதினார். ஏலக்காய் மணத்தது.

அதற்குள் இடி இடித்துவிட்டது. நாலு பேரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கேட்டார்: "அப்படி என்னங்க பயம்? என்கிட்டகூடச் சொல்லாத அளவுக்கு?"

அவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார். ஏழு வயசு. ஒரு வாய்க்கால். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள், இவர் காகிதக் கப்பலைத் துரத்திக்கொண்டு போனார். கால் வழுக்கியது. கண்ணைத் திறந்தால் மேலே வெளிச்சம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அது தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவளுக்கும் அப்போது பதினொரு வயசுதான். அடி விழும் என்று வீட்டில் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. "அப்புறம் அக்காவும் நானும்கூட அதைப் பத்திப் பேசினதே இல்ல."

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்து, வெளியூரில் இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டார். "அண்ணி, உங்க தம்பி நீச்சல் கத்துக்கிறாரு. இந்தாங்க, பேசுங்க" என்று அவர் கையில் திணித்தார்.

"அக்கா" என்றார் அவர். லைன் போய்விட்டதோ என்று பார்த்தார்.

"நெஜமாவாடா?" என்று வந்தது கடைசியில். குரல் கரகரத்தது. "நான் இன்னைக்கும் கனவுல உன்னை இழுத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். நல்லா கத்துக்க. இப்ப விழுந்தா பிடிச்சுத் தூக்க உன் தலையில முடிகூட இல்ல."

கொட்டகையில் எல்லோருக்கும் அது கேட்டது. மச்சான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார். ரொம்ப நேரம் சரி செய்தார்.

மறுநாளிலிருந்து மனைவியும் கூடவே வந்தார். "காஜா எடுக்கிறது, பட்டன் தைக்கிறதெல்லாம் கைவேலைதானே, எங்க உட்கார்ந்தா என்ன" என்று ஒரு பை நிறையச் சீருடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்தார். ஊசி கையில் ஓடும். கண் குளத்தில் இருக்கும். நாலைந்து நாளில் டீச்சருடைய பாடமெல்லாம் அவருக்கு வாய்ப்பாடாகிவிட்டது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "காலை மடக்காதீங்க! முழங்கால் முழங்கால்!" என்று குரல் கொடுப்பார்.

"எனக்கு ரெண்டு டீச்சர் ஆயிடுச்சு" என்று அலுத்துக்கொண்டார் லாரிக்காரர். அலுப்புதான் என்று யாரும் நம்பவில்லை.

இடி இடிக்கிற நேரங்களில் மூன்று பேரும் கொட்டகையில் இருப்பார்கள். டீச்சர் எழுந்து பம்பு அறையைப் பார்க்கப் போனால் இரண்டு பேர். கல்யாணமான இத்தனை வருஷத்தில், மதிய நேரத்தில் இப்படிச் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியதில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. பேசினதும் பெரிய விஷயங்கள் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டனைக் கடித்தே பிய்க்கும், எந்த ஓட்டல் முதலாளி லாரியைப் பார்த்தால் கும்பிடுவார் என்று இந்த மாதிரி. ஒருநாள், பிள்ளை பிறக்காமல் போன வருஷங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, மழையோடு போனது.

அகலவாக்கில் கடக்க மூன்று வாரம் பிடித்தது. நீளவாக்கில் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. குளத்தின் மறுமுனையில் எட்டடி ஆழம். பாதி தூரத்தில் தரை சட்டென்று சரிகிற இடத்தில், கீழே தரையில் போட்ட நீலக்கோடு விலகிப் போகும். அங்கே வந்ததும் அவருக்கு அந்தப் பச்சை வெளிச்சம் ஞாபகம் வரும், திரும்பிவிடுவார். டீச்சர் நெருக்கவில்லை. "மழை இருக்கே, என்ன அவசரம்" என்பாள்.

ஆனால் மழை எத்தனை நாள் இருக்கும்? ஒரு காலை வானம் பளிச்சென்று விடிந்தது. பதினொரு மணிக்குப் போன் அடித்தது. மேட்டுத்தெரு ஓட்டலில் குழாய் உடைந்துவிட்டதாம், உடனே ஒரு லோடு வேண்டுமாம்.

"இன்னைக்கு மட்டும் வேற லாரியக் கூப்பிட்டுக்குங்க" என்றார் லாரிக்காரர். "எனக்கு ஒரு வேலை இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் லோடு வேண்டாம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மெஷினுக்கு உறை போட்டார்.

அவர் நீந்தியதை நீச்சல் என்று சொன்னால் நீச்சலுக்கே கோபம் வரும். தலை ஆமை மாதிரி வெளியே வந்து வந்து போனது. கை ஒன்று நீரை வெட்டியது, இன்னொன்று அறைந்தது. ஆனால் நகர்ந்தார். கரையோரமாக, டீச்சர் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் கூடவே நடந்தார்கள். தரை சரிகிற இடம் வந்தது. கை தடுமாறியது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டீச்சர் விசிலைக் கழற்றிப் போட்டுக் குதிக்கத் தயாரானாள்.

"காலு! காலை மட்டும் பாருங்க!" என்று கத்தினார் மனைவி.

கால் உதைத்தது. நீலக்கோடு விலகிப் போனது, போகட்டும். பின்னும் உதைத்தார். எத்தனை உதை என்று எண்ணவில்லை. விரல் நுனியில் சொரசொரவென்று சுவர் பட்டது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். மனைவி குந்தி உட்கார்ந்து, அவருடைய வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்தார், குளித்துவிட்டு வந்த குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி.

"ஆழத்துல தண்ணி இன்னும் கொஞ்சம் சில்லுனு இருக்கு" என்றார் அவர், மூச்சு வாங்கி முடித்ததும்.

"அப்படியா?" என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஆழத்தை எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு மழை நின்றது, வெயில் வந்தது, அவர் மறுபடி ராஜாவானார். ஏரிக்கரையில் ஒருநாள், லாரி நிரம்பும் நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு மற்றவர்களோடு இறங்கினார். டிரைவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "சளி போயிடுச்சுப்பா" என்றார். எப்படிப் போயிற்று என்று துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதனால் அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குளம் காலியாக இல்லை. மதியம் இரண்டு மணிக்கு, மழையால் வேலை இழந்தவர்கள் ஒவ்வொருவராகக் குடையோடு வந்தார்கள். இரண்டு லாரி டிரைவர்கள், வெளிச்சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவர், ஐஸ் வண்டிக்காரர், செங்கல் சூளையிலிருந்து கணவனும் மனைவியுமாக ஒரு ஜோடி. டீச்சருக்குப் பிஸ்கட் தின்ன நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானும் வந்தார். இறங்க மாட்டார். கரையில் நின்று யார் எத்தனை தடவை கடந்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்வார்; அவர் குறித்தால் குறித்ததுதான்.

லாரிக்காரரின் மனைவியும் அந்த வருஷம் இறங்கினார். தனக்கென்று தைத்துக்கொண்ட முழுக்கைச் சட்டையும் கால்சட்டையுமாக. ஒன்பதே நாளில் நீளவாக்கில் கடந்துவிட்டார். "பாடமெல்லாம் ஏற்கனவே கேட்டதுதானே" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். லாரிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

பிறகு மனைவி மல்லாந்து மிதக்கவும் பழகிக்கொண்டார். எட்டடி ஆழத்தின்மேல் கையை விரித்துப் படுத்து, முகத்தில் மழை விழ விழக் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். லாரிக்காரருக்கு இன்னும் அது வரவில்லை, இடுப்பு இறங்கிவிடுகிறது.

"என்னதான் இருக்கு அதுல?" என்று பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"காது தண்ணிக்குள்ள இருக்கில்ல, மழை வேற மாதிரி கேக்குதுங்க" என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல். "சொல்லத் தெரியல. நீங்களே வந்து கேளுங்க."

அவர் கம்பியை விட்டுவிட்டு மெல்லப் பின்னால் சாய்ந்தார்.